வாரம் முப்பத்தொன்பது

வாங்குகிறவர்கள் பெட்டியைக் குலுக்கிப் பார்ப்பார்கள்.
நான் கவிழ்த்துப் பார்ப்பேன்.
அடிப்பக்கம், பசைநாடாவுக்குச் சற்று மேலே
அழுத்திப் பதித்த எண் ஒன்று இருக்கும்.
மை கிடையாது. விளக்குக்குச் சாய்த்தால்தான் தெரியும்
எந்த வாரம், எந்த வருஷம், எந்த ஆலை.

மார்ச்சில் வந்த கலங்கரை விளக்கத்தில்
வாரம் முப்பத்தொன்பது.
ஜூனில் வந்ததிலும் முப்பத்தொன்பது.
ஆகஸ்டில் கப்பல் மாறிற்று,
எண் மாறவில்லை.

செய்வதை நிறுத்திவிட்டார்கள்,
கிடங்கைத்தான் கூட்டிப் பெருக்குகிறார்கள் என்றேன்.
பர்மா பஜாரில் கமுருதீன் சிரித்தான்.
"இன்னாக்கா, ஜோசியமா?
அது இன்னும் ரெண்டு வருசம் ஓடும்."
பந்தயம் ஒரு பிரியாணி.
மட்டன். எலும்பு குறைவாக.

லிங்கிச் செட்டித் தெருவில்
சுங்கத்துக்குக் காகிதம் அடிக்கிற வேலை எனக்கு.
எது எத்தனை இறங்குகிறது என்று
விரலே எண்ணிவிடும்.
பொம்மைக்கும் ஓய்வு வயது உண்டு.
தேதி மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.
தள்ளுபடி வரும்போது ஊரே பார்க்கும்;
அது சத்தமில்லாமல் நிற்கும்போது
நான் பார்ப்பேன்.

வளையல் இரண்டை அடகு வைத்து
பதினோரு கலங்கரை விளக்கம் வாங்கினேன்.
கட்டிலைச் செங்கல்லின் மேல் ஏற்றிக்
கீழே ஏழு. பீரோ தலையில் நாலு.
கொருக்குப்பேட்டைக் காற்றில் உப்பு.
அட்டை முனை ஊதினால் பாதி விலை.
செருப்புக்கடைகளில் கேட்டு வாங்கிய
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் இடுக்கெல்லாம்.

ஆல்வினுக்கு ஏழு வயது.
முதுகுக்குக் கீழே
பிரிக்காத ஏழு பெட்டி இருக்கத்
தூங்கக் கற்றுக்கொண்டான்.
எப்படி என்று நான் கேட்கவில்லை.

டிசம்பரில், ராத்திரி ரெண்டு மணிக்கு
ரயில்வே கேட்டைத் தாண்டி வந்தது தண்ணீர்.
கட்டிலுக்குக் கீழேதான் முதலில் போயிற்று,
அங்கே என்ன இருக்கிறதென்று
தெரிந்த மாதிரி.

வடிந்தபின் ஒவ்வொன்றாக இழுத்தேன்.
அட்டை கஞ்சியாகிக் கையோடு வந்தது.
ஒன்றில் மட்டும் அடிப்பக்கம் மிஞ்சியிருந்தது.
பதித்த எண்ணுக்குள் சேறு இறங்கி உறைந்து
சாய்க்காமலே படிக்க முடிந்தது:
முப்பத்தொன்பது.

மேலே இருந்த நாலை
வாங்கிய விலைக்கே கமுருதீனிடம் தள்ளினேன்.
மெத்தை, கேஸ் அடுப்பு, ஆல்வினுக்குப் புத்தகப் பை.

பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.
வாளியில் சோப்புப் போட்டு அலசி
மொட்டைமாடியில், பழைய புடவையில்,
வடகம் மாதிரி பரப்பினோம்.
அரைப்பரீட்சை தள்ளிப்போயிருந்தது.
ஆல்வின் கட்டினான். கரண்ட் வருமுன் ஒன்று,
பொங்கலுக்குள் நாலு,
குடியரசு தினத்தன்று ஏழாவது.
அதில் உச்சிக் கண்ணாடி இல்லை.
ஆலை வைக்க மறந்ததா,
டேங்க் மேல் உட்கார்ந்து
பார்த்துக்கொண்டே இருந்த காக்கையா, தெரியவில்லை.

கம்பெனிக்கு எழுதினேன்.
பதில் மரியாதையாக வந்தது:
அந்தத் துண்டு இனி எங்களிடம் இல்லை,
மிகவும் வருந்துகிறோம்.

வருத்தத்தைத் தாண்டித் தேதியைப் படித்தேன்.
மாற்றுத் துண்டுகூட வைத்திருக்கவில்லை என்றால்
மாதக் கணக்கு அல்ல, நாள் கணக்கு.
இத்தனை வருஷத்தில் முதல்முறையாக
ஊகிக்காமல் தெரிந்துகொண்டேன்.
பிரித்தால்தான் கிடைக்கும் சேதி அது.
பிரிக்காமல் வைத்திருப்பவர்களுக்கு வராது.
என்னிடம் பிரிக்காதது எதுவும் இல்லை.

பதினெட்டாம் நாள் எல்லாப் பட்டியலிலும்
பெயருக்கு நேரே கோடு.
என் நாலு பெட்டியும் மூன்று மடங்குக்குப் போயிற்றாம்,
அவனே வந்து சொன்னான்,
பொய் சொல்லத் தெரியாதவன்.
பிரியாணியும் கொண்டுவந்தான்.
எலும்பு நிறைய.

ஜன்னலில் ஏழு விளக்கு.
கூட்ஸ் வண்டி போகும்போது ஏழும் ஆடும்,
கண்ணாடி இல்லாதது
கொஞ்சம் கூடுதலாக.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே
பையிலிருந்து புதுப் பெட்டி ஒன்றை எடுத்தான்,
மீன் மார்க்கெட், இந்த வருஷத்துச் சரக்கு.
என் முன்னால் கவிழ்த்து வைத்தான்.
"இது எப்பக்கா?"

கையெல்லாம் நெய்.
கை கழுவிவிட்டு வருகிறேன் என்றேன்.